ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லையா? அழித்துவிட்டு மறுபடி போடும் முன் பார்க்க வேண்டியவை

பெரியம்மா வீட்டிலிருந்து போன் வந்தால் பாதி நேரம் கம்ப்யூட்டர் விஷயமாகத்தான் இருக்கும். “டேய், கீழ மூலையில அந்தக் கேடயத்துல சிவப்பா பெருக்கல் குறி போட்டிருக்குடா. வைரஸ் வந்துடுச்சா?”

வைரஸ் வரவில்லை. வந்தால் பிடிக்க வேண்டிய காவல்காரனுக்குப் புதுத் திருடர்களின் படம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடுவது. நான் பார்த்தவரை பெரும்பாலும் அது வீண் வேலை. கோளாறு ஆன்டிவைரஸுக்குள் இருப்பது குறைவு. கடிகாரத்திலோ, நெட் போகும் பாதையிலோ, முன்பு யாரோ கை வைத்த இடத்திலோ இருக்கும். காரணம் அப்படியே இருக்க, புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இடைப்பட்ட நேரத்தில் கம்ப்யூட்டருக்குக் காவலும் இருக்காது.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டோடும் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை வைத்து எழுதியவை. காசு கொடுத்து வாங்கிய வேறு ஆன்டிவைரஸ் இருந்தாலும் காரணங்கள் இவையேதான். மெனுவின் பெயர்தான் மாறும்.

முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறங்கள். ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ உள்ளே கீழே இறங்கினால் ‘புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்’ இருக்கும். அங்கே ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்துங்கள். தோற்றுப்போனால் 0எக்ஸ் என்று ஆரம்பித்து ஒரு நீண்ட எண் வரும். அதை மூடிவிடாமல் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நோய்க்கு ரத்தப் பரிசோதனை மாதிரி அது.

80072 என்று தொடங்கினால் நெட் சம்பந்தப்பட்டது. அதிலேயே 80072ஈஈ7 என்றால் அப்டேட் சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை, 80072ஈஈ2 என்றால் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது, 80072எஃப்8எஃப் என்றால் பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்க முடியவில்லை. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் என் கண் போவது திரையின் வலது மூலைக்கு. 80070422 என்றால் ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓட வேண்டிய விண்டோஸின் வேலையாள், அணைக்கப்பட்டிருக்கிறது. 80070070 என்றால் டிஸ்க்கில் இடமில்லை.

தேதி தப்பாகக் காட்டுகிறது

பெரியம்மா வீட்டில் நடந்தது இதுதான். பழைய டெஸ்க்டாப். ராத்திரி ஆனால் பெரியப்பா சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவார். காலையில் போட்டால் கம்ப்யூட்டர் பத்துப் பதினைந்து வருடம் பின்னே போயிருக்கும். நான் உட்கார்ந்தபோது மூலையில் 2009 ஜனவரி என்று இருந்தது. பெரியம்மா அதைக் கவனிக்கவே இல்லை. தேதி பார்க்கச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறதே!

தேதிக்கும் அப்டேட்டுக்கும் என்ன உறவு? அப்டேட் சர்வர் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் 2009-இல் இருந்தால், போன மாதம் கொடுத்த சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். நம்ப மறுத்துவிடும். குரோமில் எந்தத் தளம் போனாலும் ‘யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்’ என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் போய் ‘சிங்க் நவ்’ அழுத்துவதுதான் வழி. ஆனால் வருடக்கணக்கில் பின்தங்கியிருந்தால் அந்த பட்டன் உதவாது. வித்தியாசம் அளவுக்கு மீறி இருந்தால் விண்டோஸ் நெட்டிலிருந்து வரும் நேரத்தையே சந்தேகப்பட்டு ஏற்க மறுக்கும். முதலில் கையால் இன்றைய தேதியையும் ஏறக்குறைய சரியான நேரத்தையும் வைத்துவிட்டு, பிறகு ‘சிங்க் நவ்’ கொடுங்கள்.

மறுநாள் திரும்பவும் பின்னே போனால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேளுங்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பவர் கார்டை முழுசாகப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் மதர்போர்டில் அந்த வட்டம் கண்ணில் படும். ஓரத்தில் உள்ள சின்ன உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் செல் துள்ளி வரும். புதியதை கூட்டல் குறி மேலே பார்க்க வையுங்கள். லேப்டாப் என்றால் இந்த வேலையைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.

இதற்கு ஒரு தங்கச்சிக் கோளாறு உண்டு. நேரத்தைத் திருத்தினால் சிறிது நேரத்தில் தானாகப் பன்னிரண்டரை மணி நேரமோ பதின்மூன்றரை மணி நேரமோ பின்னால் ஓடிவிடும். செல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் டைம் ஸோன் இன்னும் அமெரிக்காவின் பசிபிக் கரையில் நிற்கும். விண்டோஸ் போட்டவர் அதை மாற்றாமல் விட்டிருப்பார். பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு அதே +5:30-இல் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று தனி வரி இருக்கிறது.

பிரவுசரில் எல்லாம் வருகிறது, அப்டேட் மட்டும் வரவில்லை

“யூடியூப் ஓடுது, அப்ப நெட் நல்லாத்தானே இருக்கு?” என்று எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பிரவுசர் போகும் பாதையும், பின்னணியில் ஓடும் அப்டேட் சர்வீஸ் போகும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் ப்ராக்ஸி, அதாவது நெட் போக்குவரத்தை நேராக விடாமல் தன் வழியாக அனுப்பும் இடைத்தரகர் சர்வர். கல்லூரி விடுதியிலோ ஆபீஸிலோ பயன்படுத்திய லேப்டாப் என்றால் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. ‘யூஸ் அ ப்ராக்ஸி சர்வர்’ ஆன் ஆகியிருந்து, அது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் 127.0.0.1 என்று இருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த முகவரி. ஏதோ ஒரு மென்பொருள் உள்ளேயே உட்கார்ந்து எல்லாப் போக்குவரத்தையும் தன் வழியாக ஓட்டியிருக்கிறது. அது விபிஎன் ஆகவும் இருக்கலாம், வேண்டாத விருந்தாளியாகவும் இருக்கலாம்.

இந்த பட்டன் பிரவுசருக்கான ப்ராக்ஸியைத்தான் மாற்றும். சர்வீஸ்களுக்கு வின்ஹெச்டிடிபி என்று தனி ப்ராக்ஸி உண்டு. அதற்கு எந்தத் திரையும் இல்லாததால் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். கமாண்ட் ப்ராம்ட்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, ‘நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ ப்ராக்ஸி’ என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘டைரக்ட் அக்ஸஸ்’ என்று பதில் வந்தால் சரி. ஏதாவது முகவரி வந்தால் ‘நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி’. ஆறு மாதமாக அப்டேட் ஆகாத ஒரு லேப்டாப்பை இந்த ஒரே வரி சரி செய்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அதன் சொந்தக்காரர் இரண்டு ஆன்டிவைரஸ் வாங்கி முடித்திருந்தார்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு. 80072ஈஈ7 வந்தவர்கள் இங்கே பாருங்கள். ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஆகவில்லை என்றால், வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் டிஎன்எஸ்ஸை மேனுவலாக்கி 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். உடனே அப்டேட் ஆனால், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ரவுட்டரைக் கவனியுங்கள். அதிலிருந்து வரும் டிஎன்எஸ் சரியில்லை. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அங்கே உள்ள டிஎன்எஸ் எண்கள் உங்கள் நெட் கம்பெனி கொடுத்தவைதானா என்று அவர்களிடம் கேளுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்ட் இன்னும் ‘அட்மின்’ என்றே இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் ஓட்டுகிறவர்களுக்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று அளந்து கிடைக்கும் டேட்டாவை விண்டோஸ் தின்றுவிடுகிறதே என்று எப்போதோ ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆன் செய்திருப்பீர்கள். அது ஆன் ஆகியிருக்கும் வரை டிஃபெண்டர் தானாக எதையும் இறக்காது. செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். நாள்தோறும் அப்டேட் ஆகும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் மட்டும் இறங்குவதால் செலவு சொற்பம். மாதக்கணக்கில் விட்டுவிட்டால்தான் முழுத் தொகுப்பும் இறங்கும். அது 100 எம்பிக்கு மேல்.

எதுவுமே வேலைக்கு ஆகவில்லை, அவசரம் என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் செக்யூரிட்டி இன்டலிஜென்ஸ் பக்கத்தில் இருந்து அப்டேட் ஃபைலை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டலாம். 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து எடுங்கள். இது பசிக்கு ஒருவேளைச் சாப்பாடு. நாளைக்கு மறுபடி பசிக்கும்.

எல்லாத் தளமும் திறக்கிறது, ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை

இந்த அறிகுறியை மட்டும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. செய்தித் தளம் வருகிறது, பேங்க் வருகிறது, மைக்ரோசாஃப்ட்டும் ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் மட்டும் வரவில்லை என்றால் அது தற்செயல் இல்லை. உள்ளே ஏற்கெனவே எதுவோ இருக்கிறது. மருந்துக் கடைக்குப் போகும் வழியை மறிப்பது வைரஸ்களின் பழைய வித்தை.

2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் இதில் கைதேர்ந்தது. தள முகவரியில் ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் பெயரோ மைக்ரோசாஃப்ட்டின் பெயரோ இருந்தால் அந்தத் தேடலையே முடக்கிவிடும். அதை வைத்தே 2009-இல் ஒரு எளிய சோதனையைச் செய்தார்கள். பாதுகாப்புத் தளங்களின் லோகோக்களையும் மற்ற சில தளங்களின் லோகோக்களையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். கண் டாக்டரிடம் பார்க்கும் எழுத்து அட்டை மாதிரி. எல்லாப் படமும் தெரிந்தால் பிழைத்தீர்கள். பாதுகாப்புத் தளங்களின் படம் மட்டும் தெரியாவிட்டால் கான்ஃபிக்கர் உள்ளே. வீட்டில் நாமும் இதையே செய்யலாம்: நாலு ஆன்டிவைரஸ் தளங்களை கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், அதே வைஃபையில் போனிலும் திறந்து பாருங்கள். போனில் வந்து கம்ப்யூட்டரில் வராவிட்டால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். இரண்டிலும் வராவிட்டால் ரவுட்டரைப் பாருங்கள்.

கம்ப்யூட்டருக்குள் என்றால் முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைல். எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் தனக்குள் வைத்திருக்கும் பட்டியல் அது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போங்கள். ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும். யாரும் தொடாத ஃபைலில் ஒவ்வொரு வரியும் # குறியோடுதான் தொடங்கும். # இல்லாமல் 0.0.0.0 என்றோ 127.0.0.1 என்றோ தொடங்கி, பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அல்லது ஆன்டிவைரஸ் கம்பெனியின் முகவரி இருந்தால் அந்த வரிகளை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். கீழே நூறு வெற்று வரி விட்டு, அதற்கும் கீழே ஒளித்து எழுதி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். கடைசி வரை இறங்கிப் பாருங்கள்.

எழுதியது எது என்று தேடாமல் இதோடு நிறுத்தினால் நாளைக்கு மறுபடி எழுதும். ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ உள்ளே டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. திறந்த வேலைகளையெல்லாம் சேமித்துவிட்டு அதைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். வைரஸ் விழிக்கும் முன் வீட்டைச் சோதனை போடுவது மாதிரி. அது முடிந்து சுத்தமானது தெரியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை பார்க்க வேண்டாம்.

80070422, அல்லது ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வருகிறது

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம்? இது பெரும்பாலும் விண்டோஸ் போட்டுக் கொடுத்த புண்ணியவானின் கைவேலை. காசு கொடுக்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்ய ஒரு கருவி ஓட்டியிருப்பார். அதை டிஃபெண்டர் பிடிக்கும் என்பதால் டிஃபெண்டரின் வாயைக் கட்டியிருப்பார். அப்டேட் வந்து மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று விண்டோஸ் அப்டேட் சர்வீஸையும் அணைத்திருப்பார்.

சர்வீசஸ் திரையைத் திறந்து ‘விண்டோஸ் அப்டேட்’டில் ஸ்டார்ட்டப் டைப் ‘டிஸேபிள்டு’ என்று இருந்தால் ‘மேனுவல்’ ஆக்குங்கள். அதைவிட முக்கியமாக, டிஃபெண்டரின் செட்டிங்ஸில் கடைசியில் உள்ள ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். எதைச் சோதிக்கக் கூடாது என்ற பட்டியல் அது. ஒரு கம்ப்யூட்டரில் அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: சி டிரைவ். அதாவது, வீட்டைத் தவிர மற்றதையெல்லாம் காவல் காக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்டேட் ஒழுங்காக ஆகிக்கொண்டிருந்தது, கேடயத்தில் பச்சை டிக் இருந்தது, பிரயோஜனம்தான் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட கம்ப்யூட்டரை ஒட்டுப்போடாமல், படங்களையும் ஆவணங்களையும் எடுத்துவைத்துவிட்டு முறையான விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

டிஸ்க் இடம், பழைய விண்டோஸ்

80070070 வந்தால் சி டிரைவில் சில ஜிபியாவது காலி செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வாட்ஸ்ஆப் வீடியோக்கள் இருக்கும், அங்கிருந்து தொடங்கலாம்.

விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-லும் முடிந்தது. அவற்றோடு போராடிப் பயனில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தாலும், அதில் ஓடும் டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. கேடயம் பச்சையாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். காவல்காரருக்குச் சம்பளம் வருகிறது, ஆனால் சுவரில் விழும் ஓட்டையை அடைப்பது வேறு கணக்கு. அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் கூடுதல் காலத் திட்டத்தில் சேர வேண்டும், அல்லது 11-க்கு மாற வேண்டும்.

‘உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி ஆகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்’

எந்த மூலையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். வலது கீழ் மூலையில் வரும் அந்தப் பெட்டியில், சின்ன எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தால் அது ஆன்டிவைரஸ் அனுப்பியதே அல்ல. எப்போதோ ஒரு தளத்தில் ‘அலோ’ என்று அழுத்தியதற்கான பலன். இந்தக் கம்ப்யூட்டரில் இல்லாத கம்பெனியின் பெயரில்கூட வரும். பிரவுசரின் செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாததையெல்லாம் நீக்கினால் அன்றோடு நிற்கும். அதில் உள்ள நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். செய்து பணமும் போய்விட்டது என்றால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

நிஜமாகவே காலாவதியான ஆன்டிவைரஸ் என்றால், புதுப்பிக்கும் எண்ணம் இல்லாதபோது அதை முழுதாக நீக்குங்கள். யார் காவலில் இருக்கிறார்கள் என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் ‘மேனேஜ் ப்ரொவைடர்ஸ்’ காட்டும்.

ஆன்டிவைரஸை நீக்கியதும் நெட்டே போய்விட்டது

ஆன்டிவைரஸ்கள் நெட் பாதையின் நடுவே தங்கள் வடிகட்டியைப் பொருத்தும். அரைகுறையாக நீக்கினால் வடிகட்டி மட்டும் மிஞ்சும், அதன் பின்னால் ஆள் இருக்காது. பெரும்பாலான கம்பெனிகள் இதற்கென்றே தனி நீக்கும் கருவி வைத்திருக்கின்றன. போனில் இறக்கி, யுஎஸ்பி வழியாகக் கொண்டுவந்து ஓட்டுங்கள். அதன்பிறகும் வராவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ட்டில் ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’, பிறகு ரீஸ்டார்ட். கடைசி ஆயுதம் செட்டிங்ஸில் உள்ள ‘நெட்வொர்க் ரீசெட்’. அது வைஃபை பாஸ்வேர்டை எல்லாம் மறக்கடித்துவிடும், முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதையும் நீக்காமல், அப்டேட் ஆன மறு நிமிடமே நெட் போயிருந்தால் அப்டேட்டே குற்றவாளியாக இருக்கலாம். 2010 ஏப்ரல் 21-இல் மெக்காஃபியின் 5958 என்ற அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று பிடித்துப்போட, கம்ப்யூட்டர்கள் நெட் இல்லாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. இப்படிப்பட்ட நாளில் எதையும் நோண்டாமல் போனில் செய்தி பார்த்துவிட்டுத் திருத்தம் வரும்வரை பொறுப்பது நல்லது.

நெட் வருகிறது, பிரிண்டர் காணவில்லை

புது ஆன்டிவைரஸோடு வந்த ஃபயர்வால் (நெட்வொர்க்கில் யாரை உள்ளே விடுவது என்று பார்க்கும் வாயிற்காவலன்) உங்கள் வீட்டு வைஃபையை ரயில்வே ஸ்டேஷன் வைஃபை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘ப்ரைவேட்’ ஆக்குங்கள். ஆன்டிவைரஸின் ஃபயர்வாலிலும் அதே கேள்வி தனியாக இருக்கும். அங்கேயும் மாற்ற வேண்டும்.

சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பச்சை டிக்கை மட்டும் நம்பாமல், ஐகார் என்ற சோதனை ஃபைலை அதன் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிப் பாருங்கள். 68 பைட், வெறும் எழுத்துகள், எந்தத் தீங்கும் இல்லை. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகப் பிடிப்பதென்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. இறங்கியதும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்து அது மாயமாகி, எச்சரிக்கையும் வந்தால் காவல் விழித்திருக்கிறது. பெரியம்மா வீட்டில் செல் மாற்றிய பிறகு இதைச் செய்து காட்டினேன். சிவப்பு எச்சரிக்கை வந்ததும் பெரியம்மா பதறிப்போய், “பாத்தியா, நீ வந்தப்புறம்தான்டா வைரஸ் வருது” என்றார்.